பந்தல் கம்பியும் முதுகுத்தண்டும்

கோவையை அடுத்த தொண்டாமுத்தூர், நரசீபுரம் பக்கம் திராட்சைப் பந்தல் போட்டவர்களுக்கு ஒரு கணக்கு தெரியும். கல்கால் எவ்வளவு தடிமனாக இருந்தாலும், பந்தலை நிறுத்துவது கம்பியின் இழுப்புதான். ஓரக்கால்களை வெளிப்பக்கம் சற்றுச் சாய்த்து நட்டு, அவற்றின் தலையிலிருந்து கம்பியை இறக்கி, மண்ணில் புதைத்த கல்லோடு இழுத்துக் கட்டுவார்கள். அந்த இழுகம்பி ஒன்று தளர்ந்தால், நாலு கால் தள்ளிக்கூடக் கொடி தொங்கும். தொங்கிய இடத்தில் முட்டுக் கொடுத்தால் அன்றைக்குச் சமாளிக்கலாம். பந்தல் நிமிர வேண்டுமானால் தளர்ந்த மூலையைத் தேடிப் போய் முறுக்க வேண்டும்.

உடம்பும் ஏறக்குறைய இப்படித்தான் நிற்கிறது. எலும்புகள் அழுத்தத்தைத் தாங்குகின்றன. தசையும் தசைநாணும் சவ்வும் எதிரெதிராக இழுத்து அவற்றை நிலையில் வைக்கின்றன. 1948-இல் அமெரிக்கச் சிற்பி கென்னத் ஸ்னெல்சன், ஒன்றையொன்று தொடாத கட்டைத் துண்டுகளை இழுப்பின் பலத்தாலேயே அந்தரத்தில் நிறுத்திக் காட்டினார். பக்மின்ஸ்டர் ஃபுல்லர் அந்த அமைப்புக்கு ‘டென்செக்ரிட்டி’ என்று பெயர் வைத்தார். 1970-களில் எலும்பு மருத்துவர் ஸ்டீபன் லெவின் அதை உடம்புக்குப் பொருத்திப் பார்க்கத் தொடங்கினார். ஆஸ்டியோபதிக்காரர்களுக்கு அது உடனே பிடித்துப்போனது. 1874-இல் ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் தொடங்கிவைத்த அந்தக் கைவைத்தியம், வலிக்கிற இடத்தோடு நிற்காமல் உடம்பு முழுவதையும் தொட்டுப் பார்ப்பது.

மோட்டார் வராத நாளில் இந்த வட்டாரத்தில் உடம்புக்கு இப்படியான இழுப்புக்குப் பஞ்சமில்லை. 1930-களில் பைக்காரா மின்சாரம் வந்து மோட்டார் பரவும்வரை கிணற்று நீர் மாடு கட்டி இழுக்கும் கவலையில்தான் ஏறியது. மாடுகள் சரிவில் இறங்கும்போது ஓட்டுகிறவர் வடக்கயிற்றின் மேல் உட்கார்ந்து தன் எடையையும் சேர்த்துக் கொடுப்பார். சால் கவிழ்ந்ததும் மாடுகளோடு மேலே நடப்பார். பெண்கள் சின்ன வெங்காயம் நட்டார்கள், களைக்கொத்தோடு குனிந்தார்கள், சும்மாடு வைத்துத் தட்டுக்கட்டு சுமந்தார்கள். பாக்கு மரத்தில் தளை போட்டு ஏறியவர்கள் உண்டு. திராட்சைக்குக் கவாத்து செய்தவர்கள் நாள் முழுக்க அண்ணாந்து கை தூக்கி நின்றார்கள். வேலை கடுமை, ஆனால் பருவத்துக்குப் பருவம் இழுப்பு இடம் மாறிக்கொண்டே இருந்தது.

அதனால் அன்றைய உடம்பு நோகாமல் இருந்தது என்று சொன்னால் அது பொய். நிற்கும்போது இடுப்பு வட்டில் (டிஸ்க்) 0.5 மெகாபாஸ்கலாக இருக்கும் அழுத்தம், முதுகை வளைத்து 20 கிலோ தூக்கும்போது 2.3 ஆகிறது என்று ஜெர்மனியில் ஹான்ஸ்-யோகிம் வில்கே குழு 1999-இல் ஓர் ஆளின் முதுகிலேயே உணரியைப் பொருத்தி அளந்து சொன்னது. கொங்குக் காடுகளில் அப்படிப்பட்ட பாரத்தைத் தினம் தினம் தூக்கினார்கள். கிழவிகளின் கூனுக்கு எலும்பு மெலிவோடு அந்த உழைப்புக்கும் பங்கு இருந்திருக்கும்.

பிடித்துக்கொண்டால் சுளுக்கு வழிப்பவரிடம் போனார்கள். கால் முந்திப் பிறந்தவரைக் கூப்பிட்டு முதுகில் மிதிக்கச் சொன்ன வழக்கமும் இருந்தது. சித்த மருத்துவமோ தட்டல், இறுக்கல், முறுக்கல், இழுத்தல் என்று தொக்கணம் எனும் உடம்புபிடி முறையை ஒன்பதாக வகுத்திருந்தது.

இன்று செல்போனிலேயே மோட்டார் போடுகிறார்கள். தண்ணீர் சொட்டுக்குழாயில் போகிறது. திராட்சைப் பந்தல்கள் குறைந்துவிட்டன. வீட்டுப் பையன் வண்டி எடுத்துச் சரவணம்பட்டி அலுவலகத்துக்குப் போய், எட்டு மணி நேரம் திரையைப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து போனைக் குனிந்து பார்க்கிறான். தலையை 60 டிகிரி குனிந்தால் கழுத்தில் 27 கிலோ பாரம் இறங்கும் என்று 2014-இல் கென்னத் ஹன்ஸ்ராஜ் கணக்குப் போட்டார். அது மாதிரிக் கணக்கு, ஆளை நிறுத்தி அளந்ததல்ல. உட்காருவது மட்டுமே குற்றம் என்றும் சொல்ல முடியாது. அதே வில்கே ஆய்வில் தளர்ந்து உட்கார்ந்தபோது வட்டின் அழுத்தம் நிற்பதைவிடக் கூடவில்லை. தொல்லை எங்கே என்றால், ஒரே இழுப்பு மணிக்கணக்கில் மாறாமல் இருப்பதில்.

வலிக்கு இப்போது முதலில் வருவது எம்.ஆர்.ஐ. “டிஸ்க் தேஞ்சு போச்சுங்க” என்று படத்தோடு வருகிறார்கள். ஆனால் வலியே இல்லாதவர்களைப் படம் எடுத்த ஆய்வுகளை 2015-இல் தொகுத்தபோது, 20 வயதினரில் 37 சதவீதத்தினருக்கும் 80 வயதினரில் 96 சதவீதத்தினருக்கும் வட்டுத் தேய்மானம் தெரிந்தது. படத்தில் தெரிவதெல்லாம் வலிக்குக் காரணமல்ல. தேய்மானத்தின் மூலத்தையும் வட்டுக்குள் மட்டும் தேடினால் போதாது. கோவை கங்கா மருத்துவமனையின் எஸ். ராஜசேகரன் குழு, வளர்ந்தவரின் வட்டுக்கு உணவு எப்படிக் கசிந்து போகிறது என்று தொடர் எம்.ஆர்.ஐ. படங்களால் பின்தொடர்ந்தது. அதைத் தீர்மானிப்பது மேலும் கீழும் உள்ள எலும்புத் தகடு என்று காட்டிய அந்த ஆய்வு 2004-இல் சர்வதேச இடுப்புத்தண்டு ஆய்வுச் சங்கத்தின் பரிசு பெற்றது.

ஆஸ்டியோபதியை இந்தியாவில் கட்டக்கின் ஸ்ரீ ஸ்ரீ பல்கலைக்கழகம் பட்டப்படிப்பாகவே நடத்துகிறது. நம் பக்கம் அந்த வேலையின் பெரும்பகுதியைச் செய்பவர்கள் பிசியோதெரபிஸ்டுகள். கைபட்டதும் எலும்பு ‘இடத்தில் உட்கார்ந்துவிட்டது’ என்பதற்குச் சான்றில்லை. வலி ஓரளவு குறைவதற்குச் சான்று உண்டு. நாள்பட்ட இடுப்பு வலிக்கு 2023 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல் உடற்பயிற்சியையும் கைச்சிகிச்சையையும் ஏற்கிறது. பெல்ட்டையும் டிராக்ஷனையும் வேண்டாம் என்கிறது. கால் பலம் குறைந்தாலோ, சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ எந்தக் கைவைத்தியமும் வேண்டாம், நேராக மருத்துவமனைதான்.

இன்று ஒரே வீட்டில் இரண்டு முதுகுகள் இருக்கின்றன. அம்மா இன்னும் வெங்காயக் காட்டில் குனிகிறார். மகன் நாற்காலியில் இருக்கிறான். “நிமிர்ந்து உட்கார்” என்ற அறிவுரை இருவருக்கும் உதவாது. அவருக்கு நீளக் கைப்பிடிக் களைவெட்டியும், இரண்டு வரிசைக்கு ஒருமுறை வேலை மாற்றிக் கொடுக்கும் தோட்டக்காரரும் வேண்டும். இவனுக்கு மணிக்கொருமுறை எழுந்து நடக்கவிடும் அலுவலகமும், வாரத்தில் சில நாளாவது உடம்பு பாரம் தூக்கிப் பழகும் நேரமும் வேண்டும். சிகிச்சை மேசையில் கிடைக்கும் தளர்வு சில நாள் தாங்கும். அதற்குப் பிறகு வலி திரும்புமா என்பதைப் பெரும்பாலும் கூலிக்கணக்கும் ஷிப்ட் நேரமும்தான் முடிவு செய்கின்றன.