பட்டறையை விட்டுச் சில நாட்கள்

வெள்ளியைச் சுத்தியலால் அடிக்க அடிக்க அது இறுகும்; இறுகியதை மேலும் அடித்தால் வெடிப்புக் காணும். ஆகவே தொழிலறிந்தோர் அதனை இடையிடையே தீயிற் காய்ச்சி இளக்குவர். உலோகத்துக்குரிய இவ்விதி அதனை ஆளும் கலைஞனுக்கும் பொருந்தும். விலைபோகும் ஒரே வடிவத்தைத் தனித்திருந்து நாள்தோறும் செய்பவனின் கையும் கருத்தும் இறுகிவிடுகின்றன.

அவ்விறுக்கம் தீர நாடிச்செல்லும் இடங்களுள் ஒன்று, ஐக்கிய அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்திலுள்ள ஹேஸ்டாக் கைவினைப் பள்ளி. 1950இல் தோன்றிய இப்பள்ளி, 1961இல் டியர் ஐல் என்னும் தீவிற் குடியேறியது. கட்டடக்கலைஞர் எட்வர்ட் லராபீ பார்ன்ஸ், கடலை நோக்கிச் சரியும் பாறை நிலத்தைச் சிதைக்காது, தூண்களின்மேல் மரக்கூடங்களை எழுப்பினார்.

கோடைப் பருவத்தில் ஓரிரு வாரங்கள் அங்கே தங்கி, உலோகக்கலைக் கூடத்தில் அணிகலன் செய்யலாம். புதியவரும் கைதேர்ந்தவரும் அருகருகே அமர்கின்றனர். பற்றாசு உருகி இணைப்பினுள் ஓடும் கணத்தை நூல்கள் எத்துணை விளக்கினும் போதாது. வல்லார் ஒருவரின் கையைக் கண்ணாற் கண்டே அறிதல் வேண்டும். விற்பனைக் கவலை விலகுவதாற் பிழைபட அஞ்சாது புதுவடிவம் தேடவும் இயலுகிறது.

செய்து முடித்த அணியினும் பெரும்பேறு, இளகிய கையோடு தம் பட்டறைக்கு மீள்வதே. வேலைக்காகவே வேலைசெய்யும் இத்தகைய நாட்கள் வாய்க்காவிடின், எக்கைவினையும் காலப்போக்கில் வெறும் உற்பத்தியாகிவிடும்.