இரட்டைத் துவக்கம்: ஒரே கணினியில் விண்டோஸும் உபுண்டுவும்

ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்களை நிறுவி, கணினியை இயக்கும் ஒவ்வொரு முறையும் வேண்டியதைத் தேர்ந்தெடுக்கும் அமைப்பு இரட்டைத் துவக்கம் எனப்படுகிறது. பேச்சு வழக்கில் இதை டூயல் பூட் என்பர். ஒரு நேரத்தில் ஓர் இயங்குதளம் மட்டுமே இயங்கும். மற்றொன்றுக்குச் செல்லக் கணினியை மறுதொடக்கம் செய்ய வேண்டும். மெய்நிகர் கணினியில் ஓர் இயங்குதளத்தின் உள்ளே மற்றொன்று இயங்குவதால் நினைவகத்தை இரண்டும் பங்கிட்டுக்கொள்கின்றன. இரட்டைத் துவக்கத்தில் இயங்கும் இயங்குதளத்துக்கு முழு வன்பொருளும் கிடைக்கும். எனவே குறைந்த நினைவகம் உள்ள கணினிகளுக்கும் இது பொருந்தும்.

தமிழ்நாட்டு மாணவர்களுக்கு இது புதிதன்று. அரசு 2011 முதல் வழங்கிய விலையில்லா மடிக்கணினிகள் பலவற்றில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. இப்போது இதன் தேவை வேறு வகையில் கூடியுள்ளது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. டிபிஎம் 2.0 போன்ற வன்பொருள் தேவைகளால் பல பழைய கணினிகள் விண்டோஸ் 11-க்கு மாற இயலாது. டாலி போன்ற மென்பொருளுக்காக விண்டோஸை வைத்துக்கொண்டு, இணையப் பயன்பாட்டை லினக்ஸுக்கு மாற்றிக்கொள்வது இத்தகைய கணினிகளுக்கு ஒரு வழி.

நிறுவும் வேலை அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் ஒரு தவறான தேர்வு பல ஆண்டுக் கோப்புகளை அழித்துவிடக்கூடும். அந்த ஆபத்தைத் தவிர்ப்பது நிறுவலுக்கு முன் செய்யும் ஆயத்தமே. இக்கட்டுரை விண்டோஸ் ஏற்கெனவே உள்ள கணினியில் உபுண்டு 24.04 பதிப்பை நிறுவுவதை எடுத்துக்காட்டாகக் கொள்கிறது.

கணினி துவங்கும் முறை

பழைய பயாஸ் முறையில் வட்டின் முதல் 512 பைட்டுகளில் ஒரே ஒரு துவக்கி மட்டுமே இருக்க முடியும். லினக்ஸுக்குப் பின் விண்டோஸை நிறுவினால் அது முந்தைய துவக்கியின் மேல் தன்னுடையதை எழுதிவிடும். "முதலில் விண்டோஸ், பிறகு லினக்ஸ்" என்ற அறிவுரை அதனால் வந்ததே.

இன்றைய கணினிகளில் யூஇஎஃப்ஐ என்ற முறை உள்ளது. இதில் ஈஎஃப்ஐ பகுதி என்ற சிறிய வட்டுப் பகுதியில் ஒவ்வொரு இயங்குதளமும் தன் துவக்கியைத் தனிக் கோப்புறையில் வைக்கிறது. எதை முதலில் இயக்குவது என்ற வரிசை தாய்ப்பலகையின் நினைவகத்தில் இருக்கும். உபுண்டுவை நிறுவியதும் அதன் துவக்கியான க்ரப் வரிசையில் முதலிடம் பெறும். விண்டோஸின் துவக்கி அழியாமல் அதன் இடத்திலேயே இருக்கும். விண்டோஸ் யூஇஎஃப்ஐ முறையில் இருந்தால் உபுண்டுவையும் அதே முறையில்தான் நிறுவ வேண்டும். விண்டோஸின் சிஸ்டம் இன்ஃபர்மேஷன் பக்கத்தில் பயாஸ் மோட் என்ற வரியில் இதைக் காணலாம்.

நிறுவலுக்கு முன் செய்ய வேண்டியவை

1. காப்புநகல்: முக்கியக் கோப்புகள் அனைத்தையும் வேறொரு வன்தட்டில் நகலெடுக்க வேண்டும். அதே வட்டின் டி டிரைவில் வைப்பது காப்புநகல் ஆகாது. நகலெடுத்த கோப்புகள் சிலவற்றைத் திறந்து பார்த்துவிடுவது நல்லது.

2. பிட்லாக்கர்: புதிய மடிக்கணினிகள் பலவற்றில் பயனருக்குத் தெரியாமலேயே வட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருக்கும். துவக்க அமைப்பில் மாற்றம் செய்ததும் விண்டோஸ் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கக்கூடும். அது இல்லாவிட்டால் கோப்புகளைத் திறக்க வழியில்லை. சாவி பெரும்பாலும் பயனரின் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். அதைத் தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். உபுண்டுவின் நிறுவி மறையாக்கத்தை நீக்கிவிட்டு வரும்படி கேட்கலாம். அப்படி நீக்கும்போது மடிக்கணினி மின்னிணைப்பில் இருக்க வேண்டும்.

3. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்: விண்டோஸ் 8 முதல் உள்ள இந்த வசதி, "ஷட் டவுன்" கொடுத்தாலும் கணினியை முழுமையாக நிறுத்தாமல் பாதி உறக்கத்தில் வைக்கிறது. அந்த நிலையில் விண்டோஸ் வட்டுப் பகுதியில் லினக்ஸ் எழுதினால் கோப்புகள் சிதையலாம். கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸ் பிரிவில் இதை நிறுத்திவிட வேண்டும்.

4. இடம் ஒதுக்குதல்: விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் கருவியில் சி டிரைவைத் தேர்ந்து, ஷ்ரிங்க் வால்யூம் மூலம் இடத்தை விடுவிக்கலாம். உபுண்டுவுக்கு 25 ஜிபி குறைந்த அளவு. அன்றாடப் பயன்பாட்டுக்கு 50 ஜிபி அல்லது அதற்கு மேல் வசதியாக இருக்கும். விண்டோஸின் பகுதியை விண்டோஸின் கருவியாலேயே சுருக்குவது பாதுகாப்பானது. கிடைத்த வெற்றிடத்தில் புதிய டிரைவ் உருவாக்காமல் அப்படியே விட்டுவிட வேண்டும்.

5. நிறுவல் பென் டிரைவ்: உபுண்டுவின் அதிகாரபூர்வ தளத்திலிருந்து ஐஎஸ்ஓ கோப்பைத் தரவிறக்கி, ரூஃபஸ் போன்ற மென்பொருள் கொண்டு 8 ஜிபி அல்லது அதற்கு மேற்பட்ட பென் டிரைவில் எழுத வேண்டும். பென் டிரைவில் இருப்பவை எல்லாம் அழிந்துவிடும்.

நிறுவும் முறை

பென் டிரைவைச் செருகிக் கணினியை மறுதொடக்கம் செய்து, துவக்கப் பட்டியலுக்கான விசையை அழுத்த வேண்டும். டெல், லெனோவா கணினிகளில் பெரும்பாலும் எஃப்12, எச்பி கணினிகளில் எஃப்9. உபுண்டுவில் செக்யூர் பூட்டை அணைக்க வேண்டியதில்லை. அதன் துவக்கி மைக்ரோசாஃப்டின் கையொப்பம் பெற்றது.

முதலில் நிறுவாமல் "ட்ரை உபுண்டு" என்பதைத் தேர்ந்து வைஃபை, ஒலி, தொடுபலகை ஆகியவை வேலை செய்கின்றனவா என்று பார்க்கலாம். இந்த நிலையில் வட்டில் எதுவும் மாறாது. வைஃபை இங்கே கிடைக்காவிட்டால் நிறுவிய பின்னும் கிடைக்காமல் போகலாம்.

சில இன்டெல் மடிக்கணினிகளில் நிறுவிக்கு வன்தட்டே தெரியாது. வட்டு ஆர்எஸ்டி முறையில் அமைக்கப்பட்டிருப்பது இதற்குக் காரணமாக இருக்கலாம். அதை உடனே ஏஎச்சிஐ முறைக்கு மாற்றினால் விண்டோஸ் துவங்காமல் போகலாம். விண்டோஸைச் சேஃப் மோடில் துவங்கும்படி அமைத்த பிறகே அந்த மாற்றத்தைச் செய்ய வேண்டும்.

நிறுவலின்போது மிகக் கவனமாக இருக்க வேண்டிய இடம் வட்டுத் தேர்வு. "எரேஸ் டிஸ்க் அண்ட் இன்ஸ்டால் உபுண்டு" என்பது விண்டோஸையும் எல்லாக் கோப்புகளையும் சேர்த்தே அழிக்கும். விண்டோஸுக்கு அருகே நிறுவும் தேர்வு தெரிந்தால் அதை எடுக்கலாம். தெரியாவிட்டால் மேனுவல் தேர்வில் சென்று, முன்பு விடுவித்த வெற்றிடத்தில் எக்ஸ்ட்4 கோப்பு முறைமையுடன் "/" என்ற மூலப் பகுதியை உருவாக்க வேண்டும். ஸ்வாப்புக்குத் தனிப் பகுதி தேவையில்லை. ஏற்கெனவே உள்ள ஈஎஃப்ஐ பகுதியைப் பயன்படுத்தலாம். ஃபார்மேட் செய்யக் கூடாது, செய்தால் விண்டோஸின் துவக்கி அழிந்துவிடும். இறுதிப் பக்கத்தில் எந்தெந்தப் பகுதிகள் மாறப்போகின்றன என்ற பட்டியல் வரும். அதில் விண்டோஸின் என்டிஎஃப்எஸ் பகுதி ஃபார்மேட் ஆவதாக இருந்தால் அங்கேயே பின்வாங்கிவிடலாம். அதுவரை வட்டில் எதுவும் எழுதப்பட்டிருக்காது.

நிறுவிய பின் வரும் சிக்கல்கள்

கடிகாரம்: உபுண்டுவைப் பயன்படுத்திய பின் விண்டோஸில் நேரம் 5 மணி 30 நிமிடம் பின்தங்கித் தெரியலாம். வன்பொருள் கடிகாரத்தில் இருப்பதை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும் லினக்ஸ் உலகப் பொது நேரமாகவும் கொள்வதே காரணம். இந்தியாவிலும் இலங்கையிலும் அந்த வேறுபாடு ஐந்தரை மணி. லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்றி இதைச் சரிசெய்யலாம்.

கோப்புப் பகிர்வு: விண்டோஸின் கோப்புகளை உபுண்டு திறக்கும், உபுண்டுவின் எக்ஸ்ட்4 பகுதியை விண்டோஸ் தானாகத் திறக்காது. இரண்டுக்கும் பொதுவான ஆவணங்களை ஒரு தனி என்டிஎஃப்எஸ் பகுதியில் வைப்பது எளிது.

துவக்கப் பட்டியல் மறைதல்: விண்டோஸ் புதுப்பிப்புக்குப் பின் கணினி நேரே விண்டோஸுக்குச் சென்றால் உபுண்டு அழிந்துவிட்டதாக எண்ண வேண்டாம். பெரும்பாலும் துவக்க வரிசை மட்டுமே மாறியிருக்கும். யூஇஎஃப்ஐ அமைப்பில் உபுண்டுவை மீண்டும் முதலிடத்தில் வைத்தால் போதும். 2024 ஆகஸ்டில் வந்த ஒரு விண்டோஸ் பாதுகாப்புப் புதுப்பிப்பு, பல கணினிகளில் பழைய லினக்ஸ் துவக்கிகளைச் செக்யூர் பூட் மூலம் தடுத்தது. அப்போதும் கோப்புகள் வட்டில் அப்படியே இருந்தன. இரு இயங்குதளங்களையும் புதுப்பித்து வைப்பதும், நிறுவல் பென் டிரைவைப் பத்திரமாக வைப்பதும் இத்தகைய நேரங்களில் கைகொடுக்கும்.

உபுண்டுவை நீக்குதல்

உபுண்டு வேண்டாம் என்றால் அதன் பகுதியை நேரே அழித்துவிடக் கூடாது. அப்படிச் செய்தால் க்ரப் தன் அமைப்புக் கோப்பைக் காணாமல் கறுப்புத் திரையில் நின்றுவிடும். முதலில் யூஇஎஃப்ஐ அமைப்பில் விண்டோஸ் பூட் மேனேஜரை முதலிடத்துக்குக் கொண்டுவந்து, விண்டோஸ் நேரே துவங்குவதை உறுதிசெய்ய வேண்டும். அதன் பிறகு டிஸ்க் மேனேஜ்மென்ட் கருவியில் உபுண்டுவின் பகுதியை நீக்கலாம். அந்த வெற்றிடம் சி டிரைவை அடுத்தே இருந்தால் அதனுடன் சேர்த்துக்கொள்ளலாம்.

காப்புநகல் எடுக்க வேறு வன்தட்டு இல்லாதவர்களும், மீட்புச் சாவி கிடைக்காதவர்களும் நிறுவலைத் தள்ளிப்போடுவதே நல்லது. அதுவரை பென் டிரைவிலிருந்தே உபுண்டுவை இயக்கிப் பழகலாம்.