உழவர்களே ஜூரியாகும் ஊர்

இங்கிலாந்தின் நாட்டிங்காம்ஷயரில் லாக்ஸ்டன் என்றொரு சின்னக் கிராமம். நவம்பர் கடைசியில் ஒருநாள், பன்னிரண்டு பேர் கொண்ட ஜூரி டிராக்டர் டிரெய்லரில் ஏறி வயலுக்குப் புறப்படும். வண்டியில் மண்வெட்டி, சம்மட்டி, மரமுளைகள். கோதுமை விதைத்த வயலைச் சுற்றி வருகிறார்கள். பொதுப்பாதையையோ புல்தரையையோ யாராவது ஓரடி சேர்த்து உழுதிருந்தால், சரியான எல்லையில் முளை இறங்கும். அடுத்த வாரம் ஊர் பப்பில் மன்றம் கூடி அபராதம் போடும். சில பவுண்டுகள்தான். அக்கம்பக்கத்தார் நடுவில் பெயர் வாசிக்கப்படுவதுதான் வலிக்கும்.

இது வேடிக்கைக்கு நடத்தும் சடங்கு என்று நினைக்க வேண்டாம். இத்தகைய மன்றங்களின் நீதி அதிகாரத்தை 1977-ல் நாடு முழுக்க நீக்கிய சட்டம், லாக்ஸ்டனுக்கு மட்டும் விலக்குக் கொடுத்தது.

லாக்ஸ்டன் மன்றம் காவல் காப்பது மூன்று பெரிய வயல்களை. நடுவே வேலி கிடையாது. ஒவ்வொரு உழவருக்கும் மூன்றிலும் நீளநீளமாகத் துண்டுகள். நல்ல மண்ணும் கெட்ட மண்ணும் எல்லோருக்கும் பங்கு. ஒன்றில் கோதுமை, அடுத்ததில் வசந்தப் பயிர், மூன்றாவது தரிசு என்று ஆண்டுதோறும் மாறும். 1635-ல் வரைந்த ஊர் வரைபடம் ஆக்ஸ்ஃபோர்டு நூலகத்தில் இருக்கிறது. துண்டுகள் அன்று இரண்டாயிரத்துக்கு மேல். இன்று அதில் சொற்பம்தான். பண்ணை வீடுகளும் வயலுக்கு நடுவே போகாமல், தெருவுக்குப் பக்கச்சுவரைக் காட்டியபடி ஊருக்குள்ளேயே நிற்கின்றன.

மற்ற ஊர்களில் பொதுநிலத்தை வளைத்து வேலியடிக்க, 1604 முதல் 1914 வரை நாடாளுமன்றம் 5,200-க்கும் மேற்பட்ட சட்டங்கள் போட்டது. 68 லட்சம் ஏக்கர் போயிற்று. லாக்ஸ்டன் எஞ்சியதே பெரிய விஷயம்.

துண்டுகளை ஒன்றுசேர்த்தால் லாபம் கூடும் என்போரும் உண்டு. எனக்கு உறுத்துவது வேறு. இங்கே உழுபவர்கள் குத்தகைதாரர்கள். 1952-ல் அரசு வாங்கிய நிலம் 2020-ல் மறுபடி தனியார் எஸ்டேட் கைக்குப் போய்விட்டது. பெரிய இயந்திரத்துக்கு இந்தத் துண்டுகள் தோதுப்படாது. அப்பா விட்ட குத்தகையை ஏற்கப் பிள்ளை வராவிட்டால், வெளியூர்க்காரர் நிலத்தை எடுக்கலாம். ஆனால் எந்த மேடு யாருடைய எல்லை என்பதை அவர் எங்கே போய்க் கற்பார்? வரைபடத்தைக் கண்ணாடிப் பெட்டிக்குள் காப்பாற்றலாம். ஜூரிக்கு அந்த வயலில் கால் வைத்து வளர்ந்த பன்னிரண்டு பேர் வேண்டும்.