தேஹு ரோட்டில் வேப் கடை தேடுகிறவர்களுக்கு

லோனாவாலா லோக்கலில் வந்து புனேக்குப் பக்கத்திலுள்ள தேஹு ரோட்டில் இறங்கும் கூட்டத்தில் தமிழ்க் குரல் கேட்பது சாதாரணம். ராணுவக் கிடங்கு வேலைக்காக இரண்டு மூன்று தலைமுறைக்கு முன்பே வந்து தங்கிவிட்ட குடும்பங்கள் இங்கே உண்டு. ஹிஞ்சவடி ஐ.டி. கம்பெனிகளை நம்பி வந்த இளைஞர்களும் உண்டு. அவர்களில் சிலர் கம்பெனி வேலையாக லண்டனுக்கும் துபாய்க்கும் போகிறார்கள், அங்கே கடைவீதியில் பகிரங்கமாக வேப் வாங்கிப் பழகுகிறார்கள், ஊர் திரும்பியதும் செல்போனில் பக்கத்துக் கடையைத் தேடுகிறார்கள்.

அப்படி ஒரு கடை சட்டப்படி இங்கே இருக்க முடியாது. தமிழ்நாடு 2018-லேயே வேப் எனப்படும் இ-சிகரெட்டைத் தடை செய்தது. 2019 செப்டம்பர் 18 அன்று மத்திய அமைச்சரவையின் நாடு தழுவிய தடை முடிவை நிர்மலா சீதாராமன் அறிவித்தார். முதலில் அவசரச் சட்டம் வந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் அது முழுச் சட்டமானது. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாமே குற்றம். முதல் தடவைக்கு ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுபடி சிக்கினால் மூன்றாண்டு, ஐந்து லட்சம் வரை போகும். சரக்கை இருப்பு வைப்பதற்குத் தனியாக ஆறு மாதம் வரை சிறை உண்டு. நிகோடின் இல்லாத திரவம் என்று சொல்லியும் தப்ப முடியாது. இ-ஹூக்காவும் இதில் அடக்கம்.

ஆனாலும் பெரிய நகரங்களில் திருட்டுத்தனமாகக் கிடைக்கத்தான் செய்கிறது. எனக்குக் கவலை அங்கேதான். பென் டிரைவ் அளவில், மாம்பழம், புதினா வாசனையில் வரும் அந்தக் கருவியைப் பிரித்தால் உள்ளே ஒரு லித்தியம் பேட்டரி, ஒரு கம்பிச் சுருள், திரவத்தில் ஊறிய பஞ்சு, அவ்வளவுதான். உறிஞ்சியதும் சுருள் சூடாகி, பஞ்சிலுள்ள திரவம் ஆவியாகிறது. அந்தத் திரவத்தில் என்ன கலந்திருக்கிறது என்பதுதான் எல்லாமே. லண்டன் கடையில் மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் நிகோடின் இருக்கக் கூடாது, பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது. கள்ளச் சரக்கின் டப்பாவில் எந்த எண் அச்சிட்டிருந்தாலும் அதற்கு யாரும் பொறுப்பில்லை. அமெரிக்காவில் வேப் பிடித்தவர்களிடையே 2019-ல் பரவிய நுரையீரல் பாதிப்பில் 2020 பிப்ரவரிக்குள் 68 பேர் இறந்தார்கள். கஞ்சாச் சத்து கலந்து கள்ளத்தனமாக விற்ற திரவங்களும், அவற்றில் சேர்த்த வைட்டமின் ஈ அசிடேட்டும்தான் அதற்கு முக்கியக் காரணம் என்று கண்டறிந்தார்கள்.

பெட்டிக்கடையில் சிகரெட் விற்கலாம், இது மட்டும் ஆகாதா என்று பையன்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். சிகரெட்டை விட முடியாத பெரியவர்களுக்கு வேப் உதவும் என்று பிரிட்டனின் பொது மருத்துவத் துறையே சொல்கிறது. ஆனால் அது அங்கே கண்காணிப்பில் உள்ள கடையை நம்பிச் சொன்னது. அந்தப் பேச்சை நம் ஊர் கள்ளச் சந்தைக்குப் பொருத்துவது பெரிய ஆபத்து. மேலும், பழவாசனை போட்டு விற்கிற பொருள் யாரைக் குறிவைக்கிறது என்பது பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பெற்ற எவருக்கும் தெரியும்.

பயணம் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வெளிநாடு என்றாலே அனுமதி உண்டு என்று நினைத்துவிடக் கூடாது. தாய்லாந்துக்குள் கொண்டுபோவதே 2014 முதல் தடை. சிங்கப்பூரில் கையில் வைத்திருந்தாலே குற்றம். 2025 செப்டம்பரிலிருந்து முதல் தடவை பிடிபடும் பெரியவர்களுக்கு 700 சிங்கப்பூர் டாலர் அபராதம். திரும்பத் திரும்பச் சிக்கும் வெளிநாட்டவரின் வேலை அனுமதியே ரத்தாகலாம். கடன் வாங்கிச் சிங்கப்பூர் போன பிள்ளையின் வேலை இந்தச் சின்னக் கருவியால் போக வேண்டுமா? துபாயிலிருந்து திரும்பும்போது நண்பனுக்கென்று பெட்டியில் வைத்து வருவதும் இங்கே சட்டவிரோத இறக்குமதிதான். அதோடு, லித்தியம் பேட்டரி இருப்பதால் இந்தக் கருவியை செக்-இன் லக்கேஜில் போடக் கூடாது என்பது உலகம் முழுக்க விமானங்களில் விதி.

தேஹு ரோட்டில் பிள்ளைகளோடு அறை எடுத்துத் தங்கியிருக்கும் அண்ணன்மார்களே, கடை தேடிக் கொடுக்காதீர்கள். பழக்கத்தை விட நினைக்கிற தம்பிக்கு, சிகரெட் பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும் 1800-11-2356 என்ற எண்ணைக் காட்டுங்கள். அழைப்புக்குக் கட்டணம் கிடையாது.