வீட்டுக் கடல்மீன் தொட்டியைத் தூய்மையாக்கும் உயிரினங்கள்: எதை வாங்கலாம், எதைத் தொடவே கூடாது?

கல்லாறு (திருவனந்தபுரம்): வீடுகளில் பவளப்பாறைச் சூழலுடன் கூடிய கடல்நீர்த் தொட்டி அமைப்போர், கண்ணாடியில் படியும் பாசியையும் மணலில் தங்கும் உணவு மிச்சத்தையும் அகற்ற நத்தை, நண்டு, இறால் போன்ற துப்புரவு உயிரினங்களை வளர்ப்பது வழக்கம். ஆனால் வெளிநாட்டு வழிகாட்டிகள் பரிந்துரைக்கும் உயிரினங்களில் சில இந்தியாவில் சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை. எனவே தேர்வில் ஏற்படும் தவறு, தொட்டியில் உள்ள உயிர்களுக்கு மட்டுமன்றி வளர்ப்பவருக்கும் ஆபத்தாக முடியும்.

ஆற்று நத்தை உதவுமா?

பொன்முடி மலைப்பாதையில் உள்ள கல்லாறு, உருண்டை வடிவக் கூழாங்கற்களுக்குப் பெயர் பெற்றது. வாமனபுரம் ஆற்றுடன் சேரும் இந்த நன்னீர் ஓடையின் நத்தைகளைக் கடல்நீர்த் தொட்டியில் விட முடியாது. கடல்நீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு உள்ளது. நன்னீர் உயிரினத்தை அதில் விட்டால், உடலில் உள்ள நீர் வெளியேறி விரைவில் இறந்துவிடும். வழவழப்பான ஆற்றுக் கற்களும் பவளப்பாறைக்கு ஈடாகா. கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிரிகள் பெருமளவில் குடியேற, நுண்துளைகள் நிறைந்த பாறையே தேவை.

எந்த உயிரினம் என்ன வேலை செய்யும்?

ஒவ்வொரு துப்புரவு உயிரினத்துக்கும் தனித்தனி உணவு உண்டு. டிரோக்கஸ், டர்போ வகை நத்தைகள் கண்ணாடியிலும் பாறையிலும் படியும் பாசியை மேய்கின்றன. டிரோக்கஸ் கவிழ்ந்தால் தானாகவே நிமிரக்கூடியது. ஆஸ்ட்ரியா நத்தை கவிழ்ந்தால் பெரும்பாலும் எழ இயலாமல் இறந்துபோகும். அதை அன்றாடம் கவனித்து நிமிர்த்திவிட வேண்டும். செரித் நத்தைகள் பாசியுடன் மணலில் தங்கும் கழிவையும் உண்கின்றன. நசாரியஸ் நத்தை பாசியைத் தொடாது. மணலில் புதைந்திருந்து, உணவின் வாடை பட்டதும் வெளிவந்து மிச்சங்களைத் தின்னும். மணல் இல்லாத தொட்டிக்கு அது பொருந்தாது.

துறவி நண்டுகள் பாசியையும் உணவு மிச்சத்தையும் உண்ணும். ஆனால் வளரும்போது பெரிய ஓடு தேவைப்படுவதால், உயிருள்ள நத்தையைக் கொன்று அதன் ஓட்டில் குடியேறுவதும் உண்டு. வெவ்வேறு அளவுள்ள வெற்று ஓடுகளைத் தொட்டியில் வைத்தால் இந்த இழப்பைக் குறைக்கலாம். மணலைக் கிளறும் நட்சத்திர மீன்கள் சிறிய தொட்டியில் உள்ள இரையை முழுவதும் தின்று தீர்த்தபின், பட்டினியால் மெல்ல மடிகின்றன. தொடக்க நிலையில் உள்ளவர்கள் அவற்றைத் தவிர்ப்பதே நல்லது.

சட்டம் என்ன சொல்கிறது?

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இன் முதலாம் அட்டவணையில் கடல் அட்டைகள் அனைத்தும், பாறை உருவாக்கும் கடினப் பவளங்கள் அனைத்தும் 2001-ஆம் ஆண்டு சேர்க்கப்பட்டன. மணலைத் தூய்மையாக்கும் என்று வெளிநாடுகளில் பரிந்துரைக்கப்படும் கடல் அட்டையை இங்கே கடலிலிருந்து எடுக்கக் கூடாது என்பது இதன் பொருள். பாசி மேயும் நத்தைகளிலும் எச்சரிக்கை தேவை. டிரோக்கஸ் நிலோட்டிகஸ், டர்போ மார்மொரேட்டஸ் என்னும் இரு பெரிய நத்தை இனங்கள் அதே ஆண்டில் பாதுகாக்கப்பட்ட பட்டியலில் இடம்பெற்றன.

முதலாம் அட்டவணை உயிரினங்கள் தொடர்பான குற்றத்துக்கு 3 முதல் 7 ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கச் சட்டத்தில் இடமுள்ளது. எனவே ‘டர்போ’, ‘டிரோக்கஸ்’ என்ற பொதுப்பெயரை மட்டும் நம்பி வாங்காமல், இனத்தின் முழு அறிவியல் பெயர், அது பிடிக்கப்பட்ட அல்லது வளர்க்கப்பட்ட இடம், விற்பனை ரசீது ஆகிய மூன்றையும் கேட்டுப் பெற வேண்டும். கடற்கரையில் ஒதுங்கிய பவளத் துண்டு உயிரற்றதாக இருந்தாலும் அதை எடுத்துவந்து தொட்டியில் வைக்கக் கூடாது.

பண்ணையில் வளர்ந்தவை

கல்லாறு அமைந்துள்ள இதே திருவனந்தபுரம் மாவட்டத்தின் கடற்கரையில், விழிஞ்ஞத்தில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் மண்டல மையம் இயங்குகிறது. அலங்காரக் கடல் மீன்களைக் குஞ்சு பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்யும் முறைகளை இம்மையம் உருவாக்கி வருகிறது. அஸூர் டாம்சல், ஆர்னேட் கோபி ஆகிய இரு மீன்களின் குஞ்சு உற்பத்தியில் அது வெற்றி பெற்றதாக 2024-இல் அறிவிக்கப்பட்டது. லட்சத்தீவின் அகத்தி தீவில், தேசிய மீன் மரபணு வளங்கள் பணியகம் அலங்கார இறால்களை இனப்பெருக்கம் செய்து, வளர்ப்புக்காகத் தீவுப் பெண்களிடம் வழங்கியுள்ளது. பண்ணையில் பிறந்த உயிரினத்தைத் தேர்ந்தெடுப்பது பவளப்பாறைகளின் மீதான சுமையைக் குறைக்கும்.

எப்போது, எத்தனை?

புதிய தொட்டியில் அமோனியாவையும் நைட்ரைட்டையும் மாற்றும் நுண்ணுயிரிகள் நிலைபெறப் பொதுவாக 4 முதல் 6 வாரங்கள் ஆகும். சோதனையில் இவ்விரண்டும் பூஜ்யம் காட்டி, பாசியும் கண்ணுக்குத் தெரியத் தொடங்கிய பிறகே நத்தைகளை விட வேண்டும். 200 லிட்டர் தொட்டிக்கு முதலில் 6 முதல் 8 நத்தைகள் போதும். பாசி தீர்ந்தபின் அதிக எண்ணிக்கையில் உள்ளவை பட்டினியால் இறக்கும். அழுகும் உடல்கள் நீரைக் கெடுத்து மேலும் பாசியை வளர்க்கும். புதியவற்றைத் தொட்டியில் விடுமுன், தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து ஒரு மணி நேரமாவது பழக்க வேண்டும். மீன் நோய்க்குத் தரப்படும் செம்பு கலந்த மருந்து நத்தை, இறால், நண்டு அனைத்தையும் கொல்லும் என்பதால், நோயுற்ற மீனைத் தனித் தொட்டியில் வைத்தே சிகிச்சை அளிக்க வேண்டும்.

துப்புரவு உயிரினங்கள் உதவியாளர்களே. பராமரிப்புக்கு மாற்று அல்ல. மீன்களுக்கு அளவுக்கு மீறி உணவிடுவதைக் குறைத்து, நீரை முறையாக மாற்றினால் பாசியின் பெரும்பகுதி தோன்றாமலேயே தடுக்கப்படும். தேவையற்றுப்போன உயிரினத்தை ஓடையிலோ கடலிலோ விடுவதும் தவறு. ஓடையில் அது இறக்கும்; கடலில் நோயைப் பரப்பவோ, அயல் இனமாகப் பெருகவோ கூடும். விற்றவரிடமோ மற்றொரு வளர்ப்பாளரிடமோ ஒப்படைப்பதே பொறுப்பான வழி.