பித்தளைத் தோட்டாக் கூட்டின் வெடிப்பும் அச்சின் தேர்வும்

பெங்களூரில் கமர்ஷியல் தெருவை ஒட்டிச் செல்லும் காமராஜர் சாலைக்கு முன்னாளில் ‘காவல்ரி ரோடு’, அதாவது குதிரைப்படைச் சாலை, என்று பெயர். 1809ஆம் ஆண்டில் பிரிட்டிஷார் இவ்வூரில் நிறுவிய படை முகாமே, பொதுமக்கள் ‘தண்டு’ என வழங்கும் கண்டோன்மென்ட் பகுதியாக வளர்ந்தது. அப்படையைத் தொடர்ந்து வந்து குடியேறிய தமிழ் மக்களின் வழியினர் ஜீவனஹள்ளி முதலிய சுற்றுப்புறங்களில் இன்றும் வாழ்கின்றனர். குதிரைப்படை தங்கிய ஊர்களிலெல்லாம் குதிரை லாயங்களும் இருந்தன. லாயத்துக்கும் உலோக விஞ்ஞானத்துக்கும் யாது தொடர்பு என வாசகர் வினவலாம். பித்தளையின் இயல்பைப் பற்றிய முக்கியமான ஓர் உண்மை, இந்திய லாயங்களில் நேர்ந்த நஷ்டத்தோடு தொடர்புடையது. துப்பாக்கித் தோட்டாவின் பித்தளைக் கூட்டை மீண்டும் பயன்படுத்துவோர் எந்த அச்சைத் தேர்ந்தெடுப்பது என்னும் கேள்விக்கும் அவ்வுண்மையே விடை கூறுகிறது.

மழைக்காலத்தில் நேர்ந்த வெடிப்பு

மழைக்காலத்தில் படை நடவடிக்கைகள் குறைந்துவிடும். எனவே தோட்டாக்களை லாயங்களில் அடுக்கி, வறண்ட பருவம் வரும்வரை பாதுகாப்பது வழக்கமாக இருந்தது. பின்னர் எடுத்துப் பார்த்தபோது, பல தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள் விரிசல் கண்டிருந்தன. அவற்றை யாரும் சுடவில்லை, அவை கீழே விழவுமில்லை, அடிபடவுமில்லை. வைத்தது வைத்தபடியே இருக்கையில் அவை தாமாகவே பிளந்திருந்தன. மழைப் பருவத்தில் தோன்றியமையால் இதனைப் ‘பருவ வெடிப்பு’ என அழைத்தனர்.

இது சிறு குறையன்று. தோட்டாக் கூடு வெறும் உறை மட்டுமல்ல. அது வெடிமருந்தை ஈரத்திலிருந்து காக்கிறது. குண்டைக் கழுத்தில் இறுகப் பற்றி நிற்கிறது. சுடும்போது விரிந்து துப்பாக்கியின் அறைச் சுவரோடு ஒட்டி, வாயு பின்னோக்கி வராதபடி அடைக்கிறது. அப்போது உள்ளே உண்டாகும் அழுத்தம் வாயுமண்டல அழுத்தத்தைப் போல் ஏறக்குறைய 3,000 மடங்கு ஆகும். விரிசல் கண்ட கூடு இத்தனை வேலைகளிலும் தவறக்கூடும். சுடுபவரின் முகத்துக்கு மிக அருகே நிகழும் இவ்வெடிப்பைத் தாங்குவது மெல்லிய ஒரு பித்தளைச் சுவரே என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

கூடு உருவாகும் விதம்

தோட்டாப் பித்தளை என்பது நூற்றுக்கு 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் சேர்ந்த கலவை. இதன் தகட்டிலிருந்து வட்டமான வில்லைகளை வெட்டி, அழுத்திக் கிண்ணமாக்குவர். பிறகு கிண்ணத்தைப் படிப்படியாகச் சிறுத்துச் செல்லும் அச்சுகளின் வழியே தள்ளி நீண்ட குழலாக்குவர். குளிர்ந்த நிலையில் இவ்வாறு உருமாற்றும்போது பித்தளை கடினமாகிக்கொண்டே போகும். ஆதலால் இடையிடையே அதனைச் சூடாக்கிப் பதப்படுத்துவர். இறுதியில் குழலின் மேற்பகுதியை ஒடுக்கிக் கழுத்தும் தோளும் அமைப்பர்.

குளிர்ந்த நிலையில் ஒடுக்கப்பட்ட பித்தளைக்குள் ஓர் இழுவிசை தங்கிவிடுகிறது. வெளித்தோற்றத்தில் அது அமைதியாகவே இருக்கும். நாணேற்றி மூலையில் சாத்தி வைத்த வில்லை இதற்கு உவமையாகக் கூறலாம். வில் அசையவில்லை, எனினும் அதன் ஒவ்வோர் இழையும் இழுபட்டே நிற்கிறது.

காரணம் தெளிவான வரலாறு

இப்புதிரை விடுவித்த முக்கியமான ஆராய்ச்சிக் கட்டுரை 1921ஆம் ஆண்டில் வெளிவந்தது. மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்னும் மூவர் அதனை எழுதினர். அவர்கள் தந்த விளக்கம் வருமாறு: லாயத்தில் தேங்கும் குதிரை மூத்திரத்திலுள்ள யூரியா சிதைந்து அமோனியா வாயுவை வெளிவிடுகிறது. ஈரக்காற்றில் அமோனியாவும் பிராணவாயுவும் சேர்ந்து செம்பைத் தாக்கி, நீரில் கரையும் நீல நிறக் கூட்டுப்பொருளாக மாற்றுகின்றன. இத்தாக்குதல் பித்தளையின் நுண்மணிகளுக்கு இடையேயுள்ள எல்லைகளில் விரைவாக நடைபெறுகிறது. உள்ளே தங்கிய இழுவிசை, அரிக்கப்பட்ட அவ்விடத்தை மேலும் பிளந்து திறக்கிறது. திறந்த பிளவில் அமோனியா மீண்டும் நுழைகிறது. இவ்வாறு விரிசல் வளர்கிறது.

இங்கு ஊன்றி நோக்க வேண்டியது ஒன்றுண்டு. உள்விசை மட்டும் இருந்து அமோனியா இல்லாவிடில் இவ்வகை வெடிப்பு உண்டாகாது. அமோனியா இருந்தும் உள்விசை இல்லையெனில், மேற்பரப்பு நிறம் மாறி ஓரளவு அரிக்கப்படுமேயன்றிக் கூடு பிளவாது. இரண்டும் கூடும்போதே கேடு விளைகிறது. ஆதலால் பரிகாரமும் இருவகைப்படும். தோட்டாவை லாயத்திலிருந்து அகற்றுவது ஒன்று. பித்தளையிலிருந்து உள்விசையை அகற்றுவது மற்றொன்று. இரண்டாவதே நிலையான பரிகாரம். உருவாக்கிய கூட்டை 250 முதல் 300 டிகிரி சென்டிகிரேடு வரையில் மிதமாகச் சூடாக்கினால், கடினம் அதிகம் குறையாமலே உள்விசை பெரிதும் தணிகிறது. படைத்துறைத் தோட்டாக்கள் பலவற்றின் கழுத்திலும் தோளிலும் காணப்படும் பழுப்பும் நீலமும் கலந்த சாயல் அழுக்கன்று. கழுத்தைச் சூடாக்கிப் பதப்படுத்தியதன் அடையாளமே அது.

மீண்டும் அச்சில் இடும்போது

சுட்ட கூட்டை எறிந்துவிடாமல் மறுபடியும் நிரப்பிப் பயன்படுத்தும் வழக்கம் குறிபார்த்துச் சுடும் போட்டியாளரிடையே பல நாடுகளில் உண்டு. நம் நாட்டில் தோட்டா தயாரிப்பு 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்துக்கு உட்பட்டது. உரிமமின்றிச் செய்வது குற்றமாகும். எனினும் அதிலுள்ள உலோக விஞ்ஞானம் அனைவரும் அறியத்தக்கதே.

சுட்டபோது விரிந்த கூடு சற்றே சுருங்கினும் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. அதனை அளவுக்குக் கொண்டுவர, தொழிற்சாலைகளில் ‘டை’ என வழங்கும் எஃகு அச்சினுள் தள்ள வேண்டும். இவ்வச்சுகளில் மூன்று வகைகள் முக்கியமானவை.

முதலாவது, கூட்டின் உடல், தோள், கழுத்து ஆகிய அனைத்தையும் ஒடுக்கும் முழுநீள அச்சு. எந்தத் துப்பாக்கியிலும் தடையின்றி நுழையவேண்டிய தோட்டாவுக்கும், தானே தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கிக்கும் இதுவே ஏற்றது. ஆனால் இது பித்தளையை மிகுதியாக வேலைவாங்கும். சாதாரண முழுநீள அச்சு கழுத்தைத் தேவைக்கு மேல் ஒடுக்குகிறது. பிறகு உள்ளேயுள்ள குமிழ் அதனைத் திரும்ப விரிக்கிறது. ஒரே கழுத்து ஒருமுறை நெருக்கப்பட்டும் ஒருமுறை விரிக்கப்பட்டும் கடினமாகிறது.

இரண்டாவது, கழுத்தை மட்டும் ஒடுக்கும் அச்சு. கூட்டின் உடல், தான் சுடப்பட்ட அறையின் வடிவத்திலேயே விடப்படுகிறது. ஒரே துப்பாக்கியில், கையால் இயக்கும் தாழ்ப்பாளுடன், மிதமான அளவில் நிரப்பிச் சுடுவோருக்கு இது பொருந்தும். பலமுறை சுட்டபின் கூடு அறையில் இறுகத் தொடங்கினால், முழுநீள அச்சைத் தேடவே வேண்டும்.

மூன்றாவது, கழுத்தின் அளவை மாற்றத்தக்க வளையம் கொண்ட அச்சு. குண்டு பொருத்திய தோட்டாவின் கழுத்தை வெளிப்புறம் அளந்து, அதைவிட ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒன்று அல்லது இரண்டு பங்கு சிறிய வளையத்தைத் தேர்ந்தெடுப்பர். வேண்டிய அளவுக்கு மேல் கழுத்து ஒடுக்கப்படாததால் உள்விசையும் கடினமும் குறைவாகவே சேர்கின்றன.

இந்தியாவில் நெடுங்காலம் பயன்பட்ட .303 துப்பாக்கி இதற்கு நல்ல உதாரணம். இத்தோட்டாவின் அடியில் விளிம்பு உண்டு. அறையினுள் தோட்டாவை நிறுத்துவது அவ்விளிம்பே, தோள் அன்று. படைக்காலத் துப்பாக்கிகளில் சேறும் தூசியும் புகுந்தாலும் தோட்டா நுழையவேண்டும் என்பதற்காக அறையைத் தாராளமாகக் கடைந்திருந்தனர். ஆகவே சுட்டபோது தோள் முன்னே தள்ளப்படுகிறது. முழுநீள அச்சு அதனைப் பின்னே தள்ளுகிறது. அடுத்த முறை சுடும்போது கூடு மீண்டும் நீள்கிறது. இவ்வாறு சிலமுறை நிகழ்ந்தால், அடிப்பாகத்துக்குச் சற்று மேலே சுவர் மெலிந்து, கூடு இரண்டாக அறுந்துபோகவும் கூடும். ஒரே துப்பாக்கிக்கு உரிய கூடுகளைக் கழுத்தளவில் மட்டும் ஒடுக்கினால் இவ்விபத்து பெரிதும் தவிர்க்கப்படும்.

கடினமான கழுத்தைச் சூடாக்கி மென்மையாக்கலாம். ஆனால் வெற்றுக் கூட்டின் கழுத்தும் தோளும் மட்டுமே சூடேற வேண்டும். அழுத்தத்தைத் தாங்கும் அடிப்பாகம் மென்மையாகிவிட்டால் அக்கூடு பயன்படாது, பேராபத்தும் விளையும். அமோனியா கலந்த பித்தளை மெருகுத் திரவங்களைத் தோட்டாக் கூட்டின்மேல் பயன்படுத்துவதும் தகாது. பளபளப்பை நாடிச் செய்யும் அவ்வேலை, லாயத்தின் தீங்கைக் குப்பியில் அடைத்துக் கொண்டுவந்து பூசுவதற்கு ஒப்பாகும்.

பொதுவான படிப்பினை

மேலே கண்டவற்றிலிருந்து அச்சைத் தேர்ந்தெடுப்பதற்கான விதி எளிதில் கிடைக்கிறது. தோட்டா துப்பாக்கியில் தடையின்றி நுழைந்து வெளிவர எவ்வளவு ஒடுக்கம் தேவையோ அவ்வளவே ஒடுக்கும் அச்சு நல்ல அச்சு. அதற்கு மேற்பட்ட ஒவ்வோர் ஒடுக்கமும் பித்தளையில் கணக்காகச் சேர்ந்து, பின்னொரு நாள் விரிசலாக வெளிப்படும்.

இவ்விதி தோட்டாவோடு நின்றுவிடுவதன்று. குளிர்ந்த நிலையில் அழுத்தி உருவாக்கிய பித்தளைக் குடமும் குழாய்ப் பகுதிகளும் மாட்டுக்கொட்டிலிலோ உரக் கிடங்கிலோ நெடுநாள் கிடந்தால் இவ்வாறே பிளக்கலாம். அமோனியாவைக் கொண்டு குளிரூட்டும் ஐஸ் தொழிற்சாலைகளில் வாயு செல்லும் குழாய்களையும் வால்வுகளையும் பித்தளையால் அமைக்காமல் இரும்பாலும் எஃகாலும் அமைப்பதற்கும் செம்பின் மேல் அமோனியா நடத்தும் இத்தாக்குதலே காரணம். வீட்டிலுள்ள பித்தளைப் பாத்திரத்தின் கழுத்தில் காரணமின்றி மெல்லிய விரிசல் தோன்றினால், அதனை வனைந்த கையை மட்டும் குறைகூற வேண்டா. அது வைக்கப்பட்டிருந்த இடத்தையும் ஒருமுறை சென்று பார்த்தல் நலம்.