கணப்படுப்பின் தகட்டை மூடும் வேளை

சிம்லா, முசூரி போன்ற மலை நகரங்களிலுள்ள பழைய விடுதிகளில், சுவரோடு சேர்த்துக் கட்டிய கணப்படுப்புகளை இன்றும் காணலாம். பனிக்காலத்தில் சமவெளியிலிருந்து அலுவல் நிமித்தம் அங்குச் செல்லும் ஊழியர்களுக்கு இவ்வடுப்பு புதியது. இரவில் தீ தணிந்து கங்குகள் மட்டும் எஞ்சியிருக்கும்போது, அறையின் வெப்பம் புகைபோக்கி வழியே வீணாகப் போகிறதே என்று தோன்றும். புகைபோக்கியின் கழுத்தில் டாம்பர் எனப்படும் இரும்புத் தகடு ஒன்று உண்டு. அதனை மூடிவிட்டுப் படுக்கவும் தோன்றும். சிக்கனம் என்று எண்ணிச் செய்யும் இச்செயல் உயிருக்கே உலை வைக்கக்கூடும்.

தீயில்லாத வேளையில் அறையின் வெதுவெதுப்பான காற்று மேலே சென்றுவிடாமலும், குளிர்காற்று கீழே இறங்காமலும் காப்பதே அத்தகட்டின் முதல் வேலை. தீ எரியும்போது அது திறந்திருத்தல் வேண்டும். சூடேறிய காற்று இலேசாகி மேலெழும். அவ்விடத்தை நிரப்ப அறைக்காற்று அடுப்பினுள் நுழையும். இந்த இழுவையே புகையை வெளியேற்றுகிறது. அகன்ற புகைபோக்கிகளின் கழுத்தைச் சுமார் 4 அங்குலமாகக் குறுக்கினால் இழுவை சீர்ப்படும் என்று 1796-இல் ரம்ஃபோர்டு பிரபு எழுதினார். குறுக்கச் சொன்னாரேயன்றி அடைக்கச் சொல்லவில்லை.

தீ மூட்டுமுன் தகட்டை முழுதும் திறந்து, கைவிளக்கால் மேலே நோக்குவது நலம். பறவைக்கூடோ கரிப்படிவோ வழியை அடைத்திருக்கலாம். பல நாள் குளிர்ந்து கிடந்த புகைபோக்கியில் கனத்த குளிர்காற்று தங்கி நின்று, புகையை அறைக்குள்ளேயே தள்ளும். காகிதச் சுருள் ஒன்றைக் கொளுத்திக் கழுத்தருகே சிறிது நேரம் பிடித்தால் அக்காற்று சூடேறி மேலே விலகும்.

மூடும் வேளையே சிக்கலானது. சுவாலை அடங்கிவிட்டது, புகையும் இல்லை, ஆகவே தீ அணைந்தது என்று கொள்வது தவறு. நீறு பூத்த நெருப்பு என்று தமிழில் வழங்குவது இந்நிலையையே. சாம்பலுக்கடியில் கனலும் கங்கு, போதிய பிராணவாயு கிட்டாமல் கார்பன் மானாக்சைடு என்னும் வாயுவை வெளிவிடுகிறது. இதற்கு நிறமில்லை, மணமில்லை, கண்ணையும் கரிக்காது. இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுடன் பிராணவாயுவைவிட 200 மடங்குக்கு மேல் வலுவாக இது பிணைகிறது. அதனால் இரத்தம் ஓடிக்கொண்டிருந்தும் உறுப்புகள் பிராணவாயுவின்றித் தவிக்கின்றன. தலைவலி, தலைச்சுற்றல், குமட்டல் ஆகியவை அறிகுறிகள். உறங்குபவர் இவற்றையும் உணரார். ஓர் அறையில் இருவர் மூவருக்கு ஒருங்கே தலைவலி கண்டால், குளிரைப் பாராமல் அனைவரும் வெளியே வந்து மருத்துவ உதவி நாடவேண்டும்.

ஆகையால், சாம்பலைக் கிளறிப் பார்த்து, கங்கு ஒன்றுமின்றி முற்றும் ஆறியபின்னரே தகட்டை மூடலாம். பெரும்பாலும் இது மறுநாட் காலையில்தான் இயலும். இரவில் சிறிது வெப்பம் வீணாவதைப் பொறுத்துக்கொண்டு, இன்னொரு கம்பளியைப் போர்த்துக்கொள்வதே முறை. காஷ்மீரத்திலும் இமாசலப் பிரதேசத்திலும் வழங்கும் 'புகாரி' என்னும் இரும்புக் கணப்பின் குழாய்த் தகட்டுக்கும் இதே விதி. கரியடுப்புக்கோ புகைபோக்கியே இல்லை. மூடிய அறையில் அதை வைத்துக்கொண்டு உறங்குதல் எந்நாளும் ஆகாது.

புகைபோக்கியின் இழுவையை வகுப்பில் எளிதாகக் காட்டலாம். எரியும் மெழுகுவர்த்தியின் இருபுறமும் சிறு மரத்துண்டுகளை வைத்து, அவற்றின்மேல் அரிக்கேன் விளக்கின் கண்ணாடியை நிறுத்தவேண்டும். அடியிலுள்ள இடைவெளியில் ஊதுவத்தியைக் காட்டினால் புகை உள்ளே இழுபட்டு மேலே செல்லும். தகரத் துண்டால் மேல்வாயை மூடினால் புகை உள்ளே செல்லாமல் தயங்கும். சுடரும் மங்கத் தொடங்கும். தகரம் விரைவில் சூடேறுமாதலால் இடுக்கியால் பிடித்தல் நன்று.